புழு வழி செய்த தேதி

ஆறாவது நாள் காலையிலும் புழு உயிரோடுதான் இருந்தது. ஒப்புக்கு மூச்சு விட்டுக்கொண்டு அல்ல. மக்காச்சோளக் குருத்துக்குள் சம்மணம் போட்டு உட்காராத குறையாகத் தின்றுகொண்டிருந்தது. பாப்பா குருத்தை இரண்டு விரலால் விரித்தாள். ஈர மரத்தூள் போல எச்சம் குவிந்து கிடந்தது. அதை நகத்தால் விலக்கினால் உள்ளே கொழுத்த உடம்பு, நெற்றியில் கவைக்குச்சி போல ஒரு வெள்ளைக் கோடு. படைப்புழு. தொட்டாள். சட்டென்று சுருண்டுகொண்டது. சாகப் போகிற புழு இவ்வளவு சுறுசுறுப்பாகச் சுருளாது. அடுத்த செடிக்குப் போனாள். அங்கேயும் அதே கதை.

பாப்பா என்றதும் சின்னப் பிள்ளை என்று நினைத்துவிட வேண்டாம். வயது முப்பத்தெட்டு. விவசாயிகள் சங்கத்தின் பூஞ்சைக் கூடத்தில் பதினோரு வருட வேலை, காதோரம் நரை, மூக்கில் கண்ணாடி. ஆனால் அண்ணன் என்று ஒருவர் இருக்கிறவரை வீட்டில் அவள் பாப்பாதான். அந்த அண்ணன் இரண்டு வரிசை தள்ளி நின்று, குருத்தைப் பார்க்காமல் தங்கையின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன பாப்பா?"

"இன்னும் ரெண்டு நாள் பாக்கலாம்ணா."

"இதையேதான் நேத்தும் சொன்னே."

"பூஞ்சை தொட்டவுடனே கொல்லாது. தோல்ல ஒட்டணும், முளைக்கணும், துளைச்சுக்கிட்டு உள்ளே போகணும். அஞ்சாறு நாள் ஆகும்னு முதல்லயே சொன்னேனா இல்லையா?"

"சொன்னே. இன்னிக்கு ஆறு." அண்ணன் விரலை மடக்கிக்கூடக் காட்டவில்லை. அவர் எண்ணி முடித்து நேரமாகியிருந்தது.

வரப்புக்கு அந்தப் பக்கம் நின்ற பக்கத்துக் காட்டுக்காரர் இதற்காகவே காத்திருந்தவர் போலக் குரல் கொடுத்தார். "ஏம்மா, புழுவைக் கொல்றதுக்குப் போட்டியா, புழுவைக் குளிப்பாட்டிப் பவுடர் போட்டியா? முன்னைவிட நல்லா மினுமினுன்னு இருக்கே!"

பாப்பா சிரிக்கவில்லை. அண்ணனும் சிரிக்கவில்லை. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார். "சாயங்காலம் வரைக்கும் பாக்கறேன். அஞ்சு மணிக்கு டேங்கை எடுத்துடுவேன்."

டேங்க் என்றால் விஷ மருந்து அடிக்கிற டேங்க்.

ஆறு மாதத்துக்கு முன்னால் இதே நிலத்தில், இதே புழுவுக்கு மருந்தடிக்கும்போதுதான் அண்ணன் விழுந்தார். முதுகில் மாட்டிய நீல டேங்க் ஓரத்தில் ஒழுகி, சட்டை வழியாக முதுகெல்லாம் மருந்து ஊறியிருந்தது. வாயில் நுரை, கண்ணில் தாரை தாரையாகத் தண்ணீர், குண்டூசி முனையளவுக்குச் சுருங்கிய கண்மணி. பதினோரு நாள் ஆஸ்பத்திரி. அனுப்பி வைக்கும்போது டாக்டரம்மா சுற்றி வளைக்கவில்லை. "இன்னொரு தடவை இந்த மருந்து உடம்புக்குள்ள போனா என்கிட்ட கூட்டிட்டு வராதீங்க. என்னால ஒண்ணும் செய்ய முடியாது" என்றார்.

சரி, கூலிக்கு ஆள் வைத்து அடிக்கலாமே என்று கேட்கத் தோன்றும். அண்ணியும் கேட்டாள். "நான் விழுந்த மருந்தை அடுத்தவன் முதுகுல ஏத்தச் சொல்றியா?" என்று ஒரே கேள்வியில் அவள் வாயை அடைத்துவிட்டார். பயிரை விட்டுவிடவும் முடியாது. போன பயிர் அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது புழுவுக்குப் போயிற்று. இந்தப் பயிரும் போனால் நிலத்தைக் குத்தகைக்கு விட்டவர் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவதாகச் சொல்லிவிட்டார். அப்போதுதான் பாப்பா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்து சொன்னாள்: "விஷமே வேண்டாம்ணா. எங்க பச்சைப் பூஞ்சை இருக்கு. நான் பாத்துக்கறேன்." ஊரெல்லாம் கேலி பேசியும், தங்கை சொன்ன ஒரு சொல்லுக்காக இரண்டு ஏக்கரை அவள் கையில் கொடுத்திருந்தார் அண்ணன்.

கூடத்துக்குப் போக ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பும்போது பாப்பா காட்டுக் கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தாள். ஆணியில் நீல டேங்க் தொங்கியது. பலகையில் புது மருந்துப் பாட்டில், மூடி திறக்காமல் இருந்தது.

பூஞ்சைக் கூடம் என்பது கொஞ்சம் பெரிய பெயர்தான். ஒரு பழைய கிடங்கை மூன்றாகத் தடுத்திருந்தார்கள். முதல் அறையில் உடைத்த அரிசியை ஊறவைத்து, பைகளில் அடைத்து, ஆள் உயரக் குக்கரில் ஆவியில் வேக வைப்பார்கள். நடு அறையில் ஸ்பிரிட் விளக்கும் கண்ணாடிக் கூண்டும். ஆறிய அரிசிப் பைக்குள் தாய் வித்திலிருந்து எடுத்த பூஞ்சையைக் கலப்பது அங்கே. கடைசி அறை முழுக்க அலமாரிகள். பன்னிரண்டு நாளில் வெள்ளை அரிசி முழுவதும் பச்சைப் பொடி பூத்துவிடும். அந்தப் பொடிதான் மருந்து.

பாப்பா வந்ததும் வராததுமாக மைக்ராஸ்கோப்பின் முன் உட்கார்ந்தாள். அண்ணனுக்குக் கொடுத்த பையின் மிச்சத்தைக் கரைத்து, மத்தியானம் தாண்டும் வரை வித்துகளைத் திரும்பத் திரும்ப எண்ணிப் பார்த்தாள். எண்ணிக்கை சரியாக இருந்தது. முந்தின நாள் முளைக்க வைத்திருந்த வித்துகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு முளை விட்டிருந்தன. நிறமும் பழுதில்லை. பிறகு என்ன கேடு?

கூடத்தின் பொறுப்பாளர் தேநீர்க் குவளையோடு வந்து எட்டிப் பார்த்தார். நல்ல மனுஷர், ஆனால் எதையும் ஊதித் தள்ளிவிடுவார். "என்னம்மா, அண்ணன் காட்டுல வேலை செய்யலையா? வெயில்னு சொல்லிடு. காத்துல ஈரம் இல்லன்னா எந்தப் பூஞ்சையும் ஒழுங்கா முளைக்காது. பொய்யும் இல்ல பாரு."

பொய் இல்லைதான். இந்த வாரம் வெயில் கொளுத்தியது. அப்படியே சொல்லிவிட்டால் யாரும் மறுபேச்சுப் பேச முடியாது. பாப்பாவுக்கு ஒரு நொடி அது இனித்தது என்பதை மறைப்பானேன். ஆனால் அண்ணன் வெயிலைத் திட்டிவிட்டு டேங்கை எடுப்பார்; அதில் ஒரு மாற்றமும் வராது.

அவள் எழுந்துபோய்த் தாய் வித்துத் தட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். ஓரத்தில் அவள் கையாலேயே எழுதியிருந்தது: மாற்று 13.

பதின்மூன்று.

பதிவேட்டை இழுத்துப் பிரித்தாள்.

இந்த இடத்தில் ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். பூஞ்சைக்கு உட்கார வைத்துச் சோறு போட்டால் மனிதனைப் போலவே அதற்கும் சோம்பல் வந்துவிடும். அரிசியிலேயே வளர்த்து, அதிலிருந்து எடுத்து மறுபடி அரிசியிலேயே வளர்த்தால், பார்க்கப் பச்சைப்பசேல் என்று இருக்கும். புழுவின் தோலைத் துளைக்கிற வீரியம் மட்டும், அப்படி மாற்றி வளர்க்கிற ஒவ்வொரு மாற்றுக்கும் குறைந்துகொண்டே போகும். அதனால் ஐந்து மாற்றுக்கு ஒரு முறை அதைப் புழுவுக்குள் அனுப்பி எடுக்க வேண்டும். உயிருள்ள புழுவின் மேல் தடவி, அது செத்து, விறைத்து, உடம்பை உடைத்துக்கொண்டு வருகிற பச்சையை எடுத்துப் புதுத் தாய் வித்து ஆக்க வேண்டும். கூடத்தில் இதற்குப் பெயர் புழு வழி. பதிவேட்டில் அதற்கென்று ஒரு கட்டமே உண்டு: புழு வழி செய்த தேதி.

ஐந்தாம் மாற்றுக்கு நேராக ஒரு தேதி இருந்தது. அவள் கையெழுத்து. அந்தத் தேதியில் அவள் கூடத்திலேயே இல்லை. ஆஸ்பத்திரி நடைபாதை பெஞ்சில், அண்ணனின் செருப்பை ஒரு பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

படைப்புழுவை ஒன்றாக விட்டால் ஒன்றை ஒன்று தின்றுவிடும். குப்பிக்கு ஒன்றாகத்தான் வளர்க்க வேண்டும். அன்று குப்பிகளைக் கழுவப் போட்டுவிட்டு, ஒரு மணி நேரம்தானே என்று முப்பது புழுவையும் ஒரே தட்டில் விட்டிருந்தாள். அண்ணன் விழுந்துவிட்டார் என்று போன் வந்தது. போட்டது போட்டபடி ஓடினாள். பன்னிரண்டாம் நாள் திரும்பி வந்தபோது தட்டில் மிச்சமிருந்தது ஒரே ஒரு புழு, அதுவும் காய்ந்து கிடந்தது. வாசலில் எண்ணூறு பைக்கு ஆட்கள் நின்றிருந்தார்கள். புது முட்டை வாங்கி, பொரித்து, வளர்த்து, தடவி, சாகடித்து... ஒரு மாதமாவது ஆகும். பாப்பா பேனாவை எடுத்து ஒரு தேதியைப் போட்டாள். முதல் தடவை எழுதியதும் பதிவேட்டைச் சட்டென்று மூடினாள். பத்தாம் மாற்றில் மறுபடி போட்டபோது, மை தீர்ந்துவிட்டதே என்றுதான் கவலைப்பட்டாள்.

தெரிந்தே அண்ணனுக்கு மழுங்கின பூஞ்சையைக் கொடுத்தாளா என்றால், இல்லை. எழுதி எழுதி, செய்ததாகவே நம்பிவிட்டாள். அதுதான் இதில் பெரிய அவமானம்.

"சார்," என்றாள். "கிடங்குல இருக்கிற நாப்பது பையும் வெளியே போகக் கூடாது."

பதிவேட்டைத் திருப்பி அவர் முன்னால் வைத்து, இரண்டு தேதிகளையும் விரலால் தொட்டுக் காட்டினாள். பொறுப்பாளர் குவளையைக் கீழே வைத்தார்.

"உங்க அண்ணனுக்குத் தெரியுமா?"

"இனிமேதான் சொல்லணும்."

"சொன்னா அவர் உடனே விஷத்தைத் தூக்கிடுவாரே?"

"சொல்லலன்னாலும் தூக்கிடுவார் சார்."

அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மணி நாலு. "அப்போ ஏன் இங்கே நிக்கறே? போ. மத்ததை நாளைக்குப் பாத்துக்கலாம்."

வாசலில் ஸ்கூட்டரைத் திருப்பும்போதுதான் அவளுக்கு உறைத்தது. காலையில் ஐம்பது அறுபது குருத்தைப் பிரித்துப் பார்த்தாளே, அத்தனையும் எச்சம் இருக்கிற குருத்து. எச்சம் இருந்தால் புழு உயிரோடிருக்கிறது என்று அர்த்தம். பயத்தில் உயிருள்ளதையே தேடித் தேடிப் பார்த்திருக்கிறாள். செத்ததை அவள் தேடவே இல்லை. பூஞ்சை பிடித்த புழு குருத்தில் இருக்காது. சாகும் முன்னால் மேலே ஏறி இலை நுனிக்குப் போய்விடும்.

கொட்டகைக்கு முன்னால் அண்ணி ஒரு முக்காலியைப் போட்டு, வாசலை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தையல் கடையிலிருந்து பாதி வேலையில் வந்திருக்கிறாள். கழுத்தில் அளவு நாடா அப்படியே தொங்கியது. உள்ளே அண்ணன் வாளியில் தண்ணீரோடு நின்றார். பாட்டில் மூடி திறந்திருந்தது. அந்த நாற்றம் மூக்கில் ஏறியதும் பாப்பாவுக்கு ஆஸ்பத்திரி நடைபாதை கண் முன்னால் வந்தது.

"வா பாப்பா. உங்க அண்ணன் டேங்கை மாட்டிக்கிட்டு என்னைத் தாண்டிப் போகப் போறாராம். தாண்டட்டும். இருபத்தொரு வருஷம் குடும்பம் நடத்தியிருக்கேன், எத்தனை அடி உயரம் தாண்டுவார்னு எனக்குத் தெரியாதா" என்றாள் அண்ணி. வாய்தான் வெடுக்கென்று பேசியது. முக்காலியைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்துப் போயிருந்தன.

"நகரு," என்றார் அண்ணன். "ராத்திரிக்குள்ள அடிச்சு முடிக்கணும்."

"அண்ணா, மூடியைப் போடு. நான் ஒண்ணு சொல்லணும்."

"வெயில்னு சொல்லப் போறியா?"

"இல்ல. நான் பொய் சொல்லிட்டேன்."

அண்ணன் பாட்டிலைப் பலகையில் வைத்தார். பாப்பா நின்ற இடத்திலிருந்தே எல்லாவற்றையும் சொன்னாள். அரிசியில் சோம்பேறியான பூஞ்சை, ஐந்து மாற்றுக்கு ஒரு முறை செய்ய வேண்டிய வேலை, செய்யாமல் எழுதிய தேதி. மூச்சு விடாமல் சொன்னாள், நடுவில் நிறுத்தினால் பூசி மெழுகிவிடுவோம் என்ற பயத்தில்.

"தப்பு பூஞ்சையில இல்லண்ணா. என் மேலதான்."

வாளித் தண்ணீரில் ஒரு ஈ விழுந்து சுற்றிக்கொண்டிருந்தது.

"என்ன தேதி எழுதினே?" என்றார் அண்ணன்.

சொன்னாள்.

"நான் ஆஸ்பத்திரியில இருந்தப்பவா?"

"ஆமா."

அவர் முகம் இளகவில்லை. அதைக் காரணமாகச் சொல்லித் தப்பிக்கலாம் என்று அவளும் நினைக்கவில்லை. "ஊரே சிரிச்சப்போ, என் தங்கச்சி சொன்னா சரியா இருக்கும்னு மார்தட்டினேன். நீ எனக்குப் பூஞ்சையைக் கொடுக்கல பாப்பா. நோட்டுல எழுதின பொய்யைக் கொடுத்திருக்கே."

அறைந்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. பாப்பாவுக்குக் கண் நிறைந்தது, துடைத்துக்கொள்ளாமல் பேசினாள். "மழுங்கிப் போனாலும் அத்தனையும் மழுங்கியிருக்காதுண்ணா. எங்கேயாவது பத்து இருபது புழு செத்திருக்கும். அந்தப் புழுவுக்குள்ள போய் வெளியே வந்த பூஞ்சை மழுங்கினது இல்ல, அது வேட்டையாடிப் பழகினது. கூடத்துல நான் செய்யாம விட்டது உன் காட்டுல தானா நடந்திருக்கும். அதைப் பொறுக்கி எடுத்துக் கரைச்சு அடிக்கலாம். எனக்கு நாளைக்கு ஒரு நாள் கொடு."

"ஒண்ணுமே சாகலன்னா?"

அண்ணிதான் சொன்னாள், திரும்பிப் பார்க்காமலே. "ஒண்ணுமே சாகலன்னா இந்த முக்காலியை நானே நகத்தறேன்."

மறுநாள் விடிந்தும் விடியாததுமாக மூன்று பேரும் காட்டுக்குள் இறங்கினார்கள். இலை நுனிகள் கண் உயரத்துக்கு இருந்தன. பனி காய்வதற்குள் தேடியாக வேண்டும். வெயில் ஏற ஏறப் பொடி உதிர்ந்துகொண்டே போகும். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினார்கள். இலையின் விளிம்பு கையையும் கன்னத்தையும் கீறியது. ஒரு வரிசை, இரண்டு வரிசை, பத்து வரிசை. ஒன்றும் இல்லை. அண்ணன் வரிசை முடிவில் நிற்கும்போதெல்லாம் கொட்டகைப் பக்கம் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் பாப்பா அவசரமாக அடுத்த வரிசைக்குள் நுழைந்தாள்.

மணி ஏழரை. நாற்பது வரிசை முடிந்திருந்தது. "பாப்பா, நான் போய்..." என்று அண்ணன் ஆரம்பித்தார்.

அப்போது அண்ணி அலறினாள். பாம்பு என்று நினைத்து இரண்டு பேரும் செடிகளைத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். அண்ணி ஒரு இலையை அடியோடு பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். நுனியில் ஒரு புழு தலையைத் தூக்கியபடி குச்சியாக விறைத்திருந்தது. உடம்பு முழுக்கப் பச்சை மாவு.

"இதுவா? இதுதானா? சொல்லு, இதுதானா?"

"இதேதான் அண்ணி." பாப்பா இலையைக் கிள்ளி, புழுவோடு டப்பாவுக்குள் வைத்தாள். அவசரத்தில் மூடி மூன்று தடவை நழுவியது.

ஒன்று கிடைத்ததும் கண் பழகிவிட்டது. ஒன்பது மணிக்கு ஏழு, பத்தரைக்குப் பத்தொன்பது. பக்கத்துக் காட்டுக்காரர் வரப்பில் நின்று வேடிக்கை பார்த்தார். "என்ன, மூணு பேரும் செத்த புழுவுக்குத் துக்கம் விசாரிக்கறீங்களா?" என்றவர், விஷயத்தைக் கேட்டதும் தலையைச் சொறிந்துகொண்டு போனார். அரை மணியில் தன் பக்கத்து ஓர வரிசையிலிருந்து இரண்டை இலையோடு கொண்டுவந்து நீட்டினார். "காத்துல இந்தப் பக்கம் வந்திருக்கு போல. எனக்கு எதுக்கு, வெச்சுக்க."

மொத்தம் முப்பத்து மூன்று. சாயங்காலம் பாப்பா அவற்றைச் சோப்புத் தண்ணீரில் கசக்கி, பழைய பருத்தித் துணியில் வடிகட்டி, கூடத்திலிருந்து கொண்டுவந்த மஞ்சள் டேங்கில் ஊற்றித் தானே முதுகில் மாட்டிக்கொண்டாள். இரண்டு ஏக்கருக்குக் காணாது. புழு அதிகமாக இருந்த கிழக்குப் பக்கம் இருபது வரிசைக்கு மட்டும் குருத்து குருத்தாக அடித்தாள்.

"இதுக்கும் அஞ்சு நாளா?" என்றார் அண்ணன்.

"அஞ்சு நாள்ணா."

"செவ்வாய்க்கிழமை." அவ்வளவுதான் சொன்னார். பாட்டில் மூடியை இறுக்கி மறுபடி பலகையில் வைத்தார், தூக்கி எறியவில்லை.

அந்த ஐந்து நாளும் பாப்பாவால் காட்டுப் பக்கம் போக முடியவில்லை. சங்கத்தில் விசாரணை, பழைய பதிவேடுகளை எல்லாம் அவளே எடுத்து வைத்து, எது நடந்தது, எது நடக்கவில்லை என்று பக்கம் பக்கமாகக் காட்ட வேண்டியிருந்தது. அதே தாய் வித்திலிருந்து வாங்கிப் போனவர்களுக்கு அவளே போன் போட்டுச் சொன்னாள். சிலர் திட்டினார்கள், வாங்கிக்கொண்டாள். வேலை இருக்குமா போகுமா என்பது வெள்ளிக்கிழமைதான் தெரியும். அண்ணனுக்கு மட்டும் அவளாகப் போன் செய்யவில்லை. பயம். அவரும் செய்யவில்லை.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு அண்ணியின் போன்.

"பாப்பா, உங்க அண்ணன் போனை எடுக்க மாட்டேங்கறார். நான் கடையில மாட்டிக்கிட்டேன். பக்கத்துக் காட்டுக்காரரைக் கூப்பிட்டுப் பாக்கச் சொன்னேன். டேங்க் ஆணியில இல்லையாம்."

"எந்த டேங்க்?"

"நீலம்."

"பாட்டில்?"

"பலகை காலியா இருக்காம்."

பாப்பா எப்படி வந்தாள் என்று அவளுக்கே தெரியாது. ஸ்கூட்டரை வரப்பிலேயே சாய்த்துவிட்டு ஓடினாள். மேற்குப் பக்கம் செடிகளுக்கு மேலே அண்ணனின் தலை தெரிந்தது; முதுகில் நீல டேங்க்; கைப்பிடி மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தது. நுனியிலிருந்து புகை மாதிரி மருந்து சிதறியது. சட்டையின் முதுகு முழுக்க நனைந்திருந்தது.

"அண்ணா! நிறுத்து! நிறுத்துண்ணா!"

காது கேட்காதது போல அடித்துக்கொண்டே போனார். பாப்பா இலைகளைக் கிழித்துக்கொண்டு போய், தெளிக்கிற குழாயை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். மருந்து அவள் முகத்திலும் கழுத்திலும் அடித்தது. கண்ணை மூடிக்கொண்டாள். டேங்க் வாரைப் பிடித்து அவர் தோளிலிருந்து உருவப் பார்த்தாள்.

"கழட்டு! முதல்ல சட்டையைக் கழட்டு! தண்ணி எங்கே... ஐயோ, பதினோரு நாள் பெஞ்சுல உக்காந்து..."

"பாப்பா. ஏய் பாப்பா. முதல்ல மூச்சை விடு."

விட்டாள். பிறகு இழுத்தாள். மூக்கில் ஏறியது சோப்பு வாசனை. கையைப் பார்த்தாள். உள்ளங்கையில் வழிந்த தண்ணீர் வெளிர் பச்சையாக இருந்தது.

"கிழக்குப் பக்கம் போய்ப் பாரு," என்றார் அண்ணன். "நேத்தே ஆரம்பிச்சுடுச்சு. இன்னிக்குக் காலையில வரிசைக்கு முப்பது நாப்பதுன்னு இலை நுனியில ஏறி விறைச்சு நிக்குது. அள்ளிக்கிட்டு வந்து நானே கசக்கி, வடிகட்டி, இந்தப் பக்கத்துக்கு அடிக்கறேன். போன் கொட்டகையில கிடக்கு."

"நீல டேங்க்ல போய்... அதுல பழைய விஷம் ஊறியிருக்குமே!"

"ஏழு தடவை கழுவினேன். ஒழுகற இடத்துல ரப்பரும் மாத்தினேன். அப்படியும் ஒழுகுது, சனியன்."

"பாட்டில்?"

"கடையில திருப்பிக் கொடுத்துட்டேன். எடுக்க மாட்டேன்னு அடம் பிடிச்சான். அதுக்குப் பதிலா இந்தச் சோப்பைக் கொடுடான்னு மாத்திக்கிட்டு வந்தேன்."

பாப்பா அங்கேயே, ஈர மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். அழுகை வந்தது, கூடவே கோபமும். "மூக்குல துணி கட்டினியா? பூஞ்சைப் பொடியும் மூச்சுக்குள்ள போகக் கூடாதுன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்?" என்று அழுதுகொண்டே திட்டினாள்.

"கட்டறேன் தாயே, கட்டறேன்." அண்ணன் டேங்கை இறக்கி வைத்து, துண்டால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டார். பிறகு சட்டைப் பையிலிருந்து நனையாமல் பிளாஸ்டிக்கில் சுற்றிய ஒரு தீப்பெட்டியை எடுத்து அவள் கையில் வைத்தார். திறந்து பார்த்தாள். உள்ளே இலைத் துண்டின் மேல் ஐந்து புழுக்கள், ஒன்றையொன்று இடிக்காமல் வரிசையாக, தலை முதல் வால் வரை பச்சை.

"இருக்கிறதுலயே நல்லா விறைச்சதாப் பாத்து எடுத்திருக்கேன். உன் தாய் வித்துக்கு," என்றார். டேங்கை மறுபடி முதுகில் ஏற்றிக்கொண்டு, துண்டை மூக்கில் கட்டியபடி அடுத்த வரிசைக்குத் திரும்பினார். இரண்டு செடி தாண்டியதும் நின்றார்.

"இன்னிக்கு என்ன தேதி?"

பாப்பா சொன்னாள்.

"அதை எழுது," என்று சொல்லிவிட்டு அண்ணன் அடிக்க ஆரம்பித்தார்.